13 அடி உயர ரேழி உள்ளில் ஒரு மச்சு: அளவுகள், செலவு, பிசகுகள்

கும்பகோணத்து அக்ரகார வீடு. அகலம் 18 அடிதான். நீளம் கொல்லை வரைக்கும் போகும். திண்ணை, ரேழி (வாசலிலிருந்து முற்றத்துக்குப் போகும் நடை), முற்றம், கூடம், அடுக்களை எல்லாம் இருந்தும், கதவைச் சாத்திக்கொண்டு படுக்க ஒரே ஓர் அறை. அது ரேழியை ஒட்டிய உள். உள்ளளவு 10 அடி 4 அங்குலத்துக்கு 15 அடி. தரையிலிருந்து மேலே தேக்குக் கட்டையின் அடிவயிறு வரை 13 அடி 2 அங்குலம். பீரோ, டிரங்குப் பெட்டி, பாய், பண்டிகைப் பாத்திரம், புத்தகம் எல்லாம் அந்தத் தரையில்தான் கிடந்தன. அவற்றுக்கு மேலே ஆறு அடி உயரம் சும்மா இருந்தது.

அந்த உயரத்தில் ஒரு மச்சு, அதாவது அறைக்குள்ளேயே ஓர் இடைத்தளம், போட்டோம். வேலை முடிந்து ஒரு கோடையும் ஒரு ஐப்பசி மழையும் கடந்துவிட்டன. எது நின்றது, எது தவறியது என்று இப்போது உறுதியாகச் சொல்லலாம்.

முதலில் கூரை

மேலே மெட்ராஸ் டெரஸ். ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஒன்பது தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாகக் குத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை, அதற்கு மேல் செங்கல் ஜல்லி, உச்சியில் தட்டையான ஓடு (தட்டோடு). இந்தக் கூரைக்கு அடியில் மச்சு போட்டுவிட்டால் பிறகு கட்டையைப் பார்க்கக்கூட வசதியிராது. அதனால் மச்சுக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் ஒன்பது கட்டைகளையும் சோதித்தோம்.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், சுத்தியலும் கோணூசியும் (சாக்குத் தைக்கும் ஊசி) போதும். நல்ல தேக்கைத் தட்டினால் மணிபோலக் கேட்கும், இற்றது பொத்தென்று கேட்கும். சத்தத்தில் சந்தேகம் வந்த இடத்தில் கோணூசியைக் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரத்தில் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) ஆழம்கூட இறங்காது. நடுப்பகுதியைத் தட்டிவிட்டுத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. கட்டை கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் நுனியில். எட்டுக் கட்டைகள் சுத்தம். முற்றத்தை ஒட்டிய ஒன்பதாவது கட்டையில், ரேழிச் சுவர்ப் பக்கம், கோணூசி 5 அங்குலம் வெண்ணெயில் போல இறங்கியது. ரேழியின் நாட்டு ஓட்டுக் கூரை அந்தச் சுவரில் முட்டும் இடத்தில் பல வருடம் நீர் இறங்கியிருக்கிறது.

கட்டையை மாற்றச் சொன்னவர்கள் உண்டு. மெட்ராஸ் டெரஸில் ஒரு கட்டையை உருவினால் அதன்மேல் குத்திய செங்கல் வரிசையும் கூடவே இறங்கும். அதனால் கட்டையை அப்படியே விட்டு, இரண்டு பக்கமும் 75 மில்லி ‘ப’ வடிவ இரும்பு சேனல் அணைத்தோம். நீளம் மூன்றரை அடி. அதில் 9 அங்குலம் சுவருக்குள், 2 அடி 9 அங்குலம் நல்ல மரத்தின்மேல். 12 மில்லி போல்ட் நான்கு, 9 அங்குலத்துக்கு ஒன்றாக, ஒன்று மேலே ஒன்று கீழே என மாற்றி மாற்றி. ஒரே கோட்டில் போல்ட் அடித்தால் மரம் அந்தக் கோட்டில் பிளக்கும். வேலை முடியும்வரை கட்டைக்கு அடியில் ஸ்குரூ ஜாக்கி முட்டு. ஜாக்கியைத் திருகும்போது மேலேயிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒரு நூல் தூக்கினால் போதும். தொங்கிய கட்டையை நேராக்கிக் காட்டுகிறேன் என்று கால் அங்குலம் தூக்கினால் மேலே தளம் விரியும்.

மாடியில் தட்டோட்டு இணைப்புகளை ஓர் அங்குல ஆழம் சுரண்டி, பத்து நாள் ஊறிய சுண்ணாம்பில் மணலும் சுர்க்கியும் (செங்கல் தூள்) சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்து நிரப்பினோம். ஓட்டுக் கூரை சுவரில் முட்டும் மூலைக்கு ஒரு நாள் முழுக்கக் கொடுத்தோம். ஒழுகும் மெட்ராஸ் டெரஸின்மேல் மூன்று அங்குலம் சிமெண்ட் கான்கிரீட் போட்டு மூடுவது ஊரெங்கும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மூன்று அங்குலக் கான்கிரீட் சதுர அடிக்கு 17 கிலோ. இந்த ஓர் அறைக்கு மட்டும் 155 சதுர அடி, அதாவது இரண்டரை டன்னுக்கு மேல். அதைச் சுமக்க அந்தத் தேக்குக் கட்டைகளை யாரும் போடவில்லை.

சுவரில் போல்ட் அடித்துப் பார்த்தது

முதல் திட்டம் எளிமையானது. இரண்டு பக்கச் சுவரிலும் எல் வடிவ இரும்பு ஆங்கிளை, துளைக்குள் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டால் பிடித்து, அதன்மேல் குறுக்கே பீம் வைப்பது. புது வீட்டில் பலரும் செய்வது. இங்கே அது நடக்கவில்லை.

ஒன்றரை அடிச் சுவர் வெளியே பார்க்கக் கல்லுபோல இருந்தது. 12 மில்லி ஆங்கர், 4 அங்குல ஆழம், ஆறு இடத்தில் போட்டு முறுக்கினோம். நான்கில் ஸ்பானர் பிடிக்கவே இல்லை. நட்டு முறுக முறுக ஆங்கரோடு செங்கல்லும் சேர்ந்து சுற்றியது. காரணம் துளையிடும்போதே தெரிந்திருக்க வேண்டும். முதல் ஓர் அங்குலம் வெள்ளைத் தூள், அது சுண்ணாம்புப் பூச்சு. பிறகு சிவப்புத் தூள், செங்கல். அதற்குப் பின் வந்தது பழுப்பு மண். முகத்தில் மட்டும் சுண்ணாம்புச் சாந்து வைத்து, நடுவே மண் சாந்தில் கட்டிய சுவர். ஆங்கர் விரிந்து நெருக்கும்போது எதிர்த்து நிற்க மண்ணுக்குப் பலம் கிடையாது. பசை ஊற்றி நடும் கெமிக்கல் ஆங்கர் போட்டாலும் கம்பி செங்கல்லைப் பிடிக்கும், செங்கல்லை யார் பிடிப்பது?

இப்படிப்பட்ட சுவர், தன் தலையில் நேராக வைத்த பாரத்தைத் தொண்ணூறு வருடம் சுமக்கும். பக்கவாட்டில் தொங்கவிட்டால் ஒரு அலமாரியைக்கூடத் தாங்காது. இதற்குப் பிறகு இந்த அறையில் செய்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரே விதிதான்: உட்கார வை, தொங்கவிடாதே.

ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கால்

ரேழிச் சுவர் நம்முடையது. எதிர்ச்சுவர் பக்கத்து வீட்டோடு பொது. அக்ரகாரத்தில் எல்லா வீட்டிலும் இதே கதை. பொதுச்சுவரில் 9 அங்குலக் குழி எடுத்தால் சுவரின் பாதியைத் தின்றதாகும். அந்தப் பக்கத்திலும் யாராவது அலமாரிக்கு அதே இடத்தில் பாதியைத் தின்றிருந்தால் நடுவே ஒன்றும் மிஞ்சாது. அங்கே என்ன இருக்கிறது என்று இங்கிருந்து தெரியாது. சம்மதம் கேட்டு வாங்கினாலும் இந்தச் சந்தேகம் தீராது. அதனால் பொதுச்சுவரைத் தொடுவதில்லை என்று முடிவு.

பீமின் ஒரு முனை ரேழிச் சுவரில் குழிக்குள். மறுமுனைக்கு நம் தரையிலேயே இரும்புக் கால்கள். கால்களைப் பொதுச்சுவரை ஒட்டி நிறுத்தாமல் 15 அங்குலம் தள்ளி நிறுத்தினோம். பீம் காலைத் தாண்டிச் சுவருக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிடும். இந்த 15 அங்குலத்தில்தான் பிறகு 9 அடி நீள அலமாரி உட்கார்ந்தது. கால்கள் இல்லாமல் இந்த அலமாரியை மாட்டச் சுவர் இடம் கொடுத்திருக்காது.

மச்சின் அளவு 10 அடி 4 அங்குலத்துக்கு 9 அடி, முற்றத்துப் பக்கம். திண்ணை பக்கத்து ஜன்னல் இருக்கும் 6 அடி முழு உயரத்தோடு திறந்தே இருக்கும். இந்த 9 அடி என்பதுதான் இந்த வேலையின் பெரிய தவறு; அதன் விலை என்னவென்று வரிசையாக வரும்.

இரும்பின் கணக்கு:

பீம்: 125 மில்லி ஐ செக்ஷன், 11 அடி நீளம், நான்கு. 3 அடிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 கிலோ.
கால்: 75க்கு 75 மில்லி சதுரக் குழாய், 4 மில்லி கனம், நான்கு.
குறுக்கு: 50க்கு 50 மில்லி சதுரக் குழாய், 3 மில்லி கனம், 2 அடிக்கு ஒன்றாக ஆறு வரிசை.
தகடு: 6 அங்குலச் சதுரம், 8 மில்லி கனம், பன்னிரண்டு.

உயரக் கணக்கு: கீழே பீமின் அடிவரை 7 அடி. பீம் 5 அங்குலம், பலகை முக்கால் அங்குலம். மேலே மிஞ்சுவது 5 அடி 8 அங்குலம். ஐந்தரை அடி ஆள் குனியாமல் நிற்கலாம், அதற்கு மேல் இருப்பவர் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மட்டும் நிமிரலாம். படுக்கவும் பொருள் வைக்கவும் இது தாராளம். இந்தக் கணக்கில் அரை அங்குலம்கூடக் காசு மாதிரி.

மட்டம்

உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். பழைய வீட்டுத் தரை கழுவிவிட வசதியாக முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். இங்கே 15 அடியில் ஒன்றேகால் அங்குலச் சரிவு. நிலைப்படியிலிருந்து மட்டக்குழாய் பிடித்து நான்கு சுவரிலும் ஒரே கோடு போட்டோம். பீம், கால், படி எல்லாமே அந்தக் கோட்டிலிருந்துதான். நான்கு கால்களின் நீளமும் ஒன்றல்ல. முற்றத்துப் பக்கக் கால், எதிர்முனைக் காலைவிட முக்கால் அங்குலம் அதிகம். கடையில் நான்கையும் ஒரே அளவாக வெட்டி வாங்கியிருந்தால் ஒன்று போக மற்றதெல்லாம் வீண்.

குழிகளும் கால்களின் அடித்தளமும்

ரேழிச் சுவரில் நான்கு குழிகள். அகலம் 12, ஆழம் 9, உயரம் 12 அங்குலம். விளிம்பை டைமண்ட் வீல் போட்ட கட்டிங் மெஷினால் கீறி, உள்ளே உளியும் சுத்தியலும் மட்டும். பிரேக்கர் மெஷினை ஓட்டினால் மண் சாந்து பக்கத்தில் இரண்டடிக்குத் தளர்ந்துவிடும். ஒரே நாளில் நான்கையும் திறக்கவில்லை. முதலாவதும் மூன்றாவதும் எடுத்து, கான்கிரீட் அடிக்கட்டை வார்த்து, மூன்று நாள் கழித்துத்தான் இரண்டாவதும் நான்காவதும்.

குழிக்குள் தளர்ந்த மண்ணைச் சுரண்டி வெளியேற்றிவிட்டு, லேசாக ஈரப்படுத்தி, 6 அங்குல உயரத்துக்கு ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட், 10 மில்லி கம்பி இரண்டு. ஏழு நாள் ஈரச்சாக்கு. அதன்மேல் இரும்புத் தகடு, தகட்டின்மேல் பீம். சுவருக்குள் போகும் முனைக்கு ரெட் ஆக்ஸைடு இரண்டு கோட், அதற்கு மேல் தார். பீமுக்கு மேலே மிஞ்சும் இடைவெளியைக் கலவை மட்டும் வைத்து அடைத்தால் காய்ந்து சுருங்கி மேலே நூலளவு பிரியும். செங்கல் சில்லை ஆப்புப் போல இறுக்கி அடித்து, சுற்றிக் கலவை திணிக்க வேண்டும்.

கால்களுக்குத் தரையில் இரண்டடிச் சதுரக் குழி தோண்ட ஆரம்பித்தோம். அரையடி இறங்கியதும் பொதுச்சுவரின் கடைக்கால் (அஸ்திவாரம்) படி தட்டுப்பட்டது. பழைய சுவர் தரைக்குக் கீழே படிப்படியாக அகன்று இறங்கும் என்பதை வரைபடத்தில் மறந்திருந்தோம். குழியை ஒன்றரை அடிச் சதுரமாகச் சுருக்கி, ஆழத்தையும் ஒன்றரை அடியோடு நிறுத்தினோம். பழைய கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் தோண்டக் கூடாது. பக்கத்து மண் சரிந்து கடைக்காலுக்கு அடியில் பொந்து விழும். ஒரு காலின்மேல் வரும் பாரம் நிறைய சாமான் வைத்தாலும் 600 கிலோவை ஒட்டித்தான், அதனால் ஒன்றரை அடிச் சதுரம் போதுமானது.

சிவப்புத் தரையை வெட்டிய இடத்தில் சிமெண்டில் காவித்தூள் கலந்து ஒட்டுப் போட்டது பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. பழைய நிறம் புதிதில் வரவே வராது. நல்லவேளையாக எல்லாம் அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

இரும்பு ஏறிய நாள்

வெல்டிங்கில் முடிந்ததையெல்லாம் முற்றத்தில் வைத்தே முடித்தோம். தலைக்கு மேல் தொண்ணூறு வருடத்துக் காய்ந்த தேக்கு. பொறி பறக்கும் வேலையை அடியில் செய்யும்போது கட்டைகளில் ஈரச்சாக்கு கட்டி, இரண்டு வாளித் தண்ணீரும் பக்கத்தில் ஆளும் இருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் யாராவது அங்கேயே இருக்க வேண்டும்.

பிசகு இங்கேயும் நடந்தது. வெல்டர் குறுக்குக் குழாய்களைப் பீம்களின் தலைமேல் வைத்து முதல் இரண்டு வரிசையை ஒட்டிவிட்டார். வழக்கமாக அப்படித்தான் செய்வார்கள், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் 50 மில்லி என்பது இரண்டு அங்குலம். மேலே 5 அடி 8 அங்குலம் 5 அடி 6 அங்குலமாகிவிடும். ஒட்டியதை அறுத்து, ஒவ்வொரு குழாயையும் துண்டாக்கிப் பீம்களுக்கு நடுவே, தலைமட்டத்தோடு சேர்த்து ஒட்டச் சொன்னோம். ஒரு நாள் கூலி கூட ஆனது. இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது; காகிதத்தில் குறுக்குவெட்டுப் படம் ஒன்று போட்டுக் கொடுத்திருந்தால் போதும்.

பலகை

18 மில்லி சிமெண்ட் ஃபைபர் போர்டு. கரையான் வராது, பிளைவுட் மாதிரி ஈரத்தில் உப்பாது. 8 அடிக்கு 4 அடி போர்டுத் தகடு ஒன்று 70 கிலோவை நெருங்கும், ரேழி வழியாகத் திருப்ப மூன்று பேர் வேண்டும்.

இங்கேதான் 9 அடியின் முதல் தண்டனை. தகடு 8 அடி, மச்சு 9 அடி. எல்லா வரிசையிலும் ஓர் அடி ஒட்டு விழுந்தது. அந்த ஒட்டின் விளிம்பு ஆறாவது அடிப் பீமுக்கும் ஒன்பதாவது அடிப் பீமுக்கும் நடுவே காற்றில் நின்றது. அதற்கு அடியில் இன்னொரு வரிசைக் குழாய், 14 கிலோ, கூடுதலாக ஒட்ட வேண்டி வந்தது. மூன்று தகட்டில் முடிய வேண்டியதற்கு நான்காவது தகடு வாங்கி, அதில் பெரும்பகுதி இன்றும் கொல்லையில் சாத்திக் கிடக்கிறது. ஆழத்தை 8 அடியாக வைத்து, பீம்களை 2 அடி 8 அங்குலத்துக்கு ஒன்றாகப் போட்டிருந்தால் மூன்று தகடு, ஒரு ஒட்டும் இல்லை. பலகைக் கடையில் அளவைப் பார்த்துவிட்டுப் பிறகு இரும்பை வரைய வேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

தகடுகளுக்கு நடுவே 3 மில்லி இடைவெளி விட்டு பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட் நிரப்பினோம். நெருக்கி முட்டவைத்தால் வெயிலில் விளிம்பு நொறுங்கும். சிறகு வைத்த செல்ஃப் டிரில்லிங் ஸ்குரூ, அடிக்கு ஒன்று. விளிம்பிலிருந்து முக்கால் அங்குலமாவது உள்ளே தள்ளி, முதலில் துளையிட்டுப் பிறகுதான் ஸ்குரூ. துளையில்லாமல் நேராக அடித்த முதல் இரண்டு மூலையும் சில்லாகப் பெயர்ந்தது.

படி

இரண்டாவது தண்டனை. ஏற வேண்டிய உயரம் ஏழரை அடி. திறந்திருப்பது 6 அடி. பொதுச்சுவர் ஓரமாக 2 அடி 3 அங்குல அகலப் படி. பத்து ஏற்றம், ஒவ்வொன்றும் 9 அங்குலம். ஒன்பது மிதி, ஒவ்வொன்றும் 8 அங்குலம். முன்சுவரிலிருந்து ஆரம்பிப்பதால் முதல் படியில் பக்கவாட்டில்தான் கால் வைக்க முடியும். பழைய மச்சுப்படிகளோடு ஒப்பிட்டால் இது மோசமில்லை, ஆனால் கையில் பெட்டியோடு இறங்கும்போது குதிகால் இடிக்கிறது. மிதிப்பலகையை ஓர் அங்குலம் முன்னால் நீட்டி, இரண்டு பக்கமும் கைப்பிடி போட்ட பிறகு பரவாயில்லை. மச்சு 8 அடியாக இருந்தால் 7 அடி கிடைத்திருக்கும்; மிதி 9 அங்குலத்துக்கு மேல் வந்திருக்கும். ஓர் அடி ஆசைப்பட்டு மேலே கிடைத்தது 10 சதுர அடி. அதில் இப்போது ஒரு பழைய தையல் மெஷின் இருக்கிறது.

படியும் சுவரைத் தொடவில்லை. கீழே தரையிலும் மேலே பீமிலும் உட்கார்ந்திருக்கிறது. அடியில் நான்கு இழுப்பறை. 2 அடி 3 அங்குல ஆழத்துக்குச் சேனல் போட்ட இழுப்பறை வைத்தால் பருப்பு மூட்டை வைத்த அன்றே சேனல் வளையும். அதற்குப் பதில் அடியில் நான்கு சக்கரம் வைத்துத் தரையிலேயே உருளும் பெட்டிகள். தரைச் சரிவினால் முதலில் தானாக உருண்டு வந்தன. முன்னால் ஒரு சிறு கொக்கி போட்டதும் நின்றது.

அலமாரியும் அடைத்த வாசலும்

கால்களுக்கு நடுவே 3 அடி அகலத்தில் மூன்று கட்டம், 7 அடி உயரம். தட்டுகள் எல்லாம் கால்களில் ஒட்டிய ஆங்கிளில் உட்கார்ந்திருக்கின்றன. 19 மில்லி பிளைவுட். 3 அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் நீட்டினால் புத்தகம் வைத்த தட்டு தொய்யும், இங்கே கட்டத்தின் அகலமே அந்த அளவுக்குள் அடங்கியது. பின்பலகை போடவில்லை. பொதுச்சுவருக்கும் தட்டுக்கும் ஓர் அங்குலம் விட்டு, கதவில் கீழும் மேலும் காற்றுத் துளை. சுவர் ஓதம் காத்தால் அது வெளியேற வழி வேண்டும். பின்பலகை போட்டு இறுக்கி மூடிய அலமாரியில்தான் பட்டுப்புடவையில் பூசணம் பூக்கும், கரையான் யாருக்கும் தெரியாமல் ஏறும்.

எதிர்பாராமல் கிடைத்தது ரேழிச் சுவரில். பூச்சைத் தட்டியபோது ஒரு பழைய வாசலை எப்போதோ செங்கல் வைத்து அடைத்திருந்தது தெரிந்தது. 2 அடி 9 அங்குல அகலம், 6 அடி உயரம். மேலே மரநிலையின் உத்திரம் கோணூசிக்கு அசையவில்லை. அடைத்த செங்கல் பாரம் சுமப்பதில்லை என்பதால் உள்பக்கப் பாதியை மட்டும் எடுத்து, ரேழிப் பக்கம் 9 அங்குலம் விட்டோம். ஏழு தட்டு வைத்த புத்தக அலமாரி, செலவு பலகைக்கு மட்டும். பீம் குழி எதுவும் இதற்கு நேர் மேலே வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒன்று 5 அங்குலம் தள்ளித்தான் தப்பியது. பழைய வீட்டில் மச்சு போட நினைப்பவர், வரைபடத்துக்கு முன் சுவர் முழுவதையும் தட்டிப் பாருங்கள்.

பூச்சு

குழிகளைச் சுற்றியும் கீழே மூன்றடி உயரத்துக்கும் சிமெண்ட் பூசினார் கொத்தனார். ஆறு வாரத்தில் அதன் மேல்விளிம்பில் உப்புப் பொரிந்து, பழைய சுண்ணாம்புப் பூச்சும் சேர்ந்து ஊதியது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சிமெண்ட் வழியாக வெளியேற முடியாமல் அதைத் தாண்டி மேலே ஏறும். முன்பு ஓரடியில் நின்றது இப்போது நாலடிக்கு வரும். முழுக்கக் கொத்தி எடுத்து, சுவரை மூன்று வாரம் வெறுமனே ஆறவிட்டு, சுண்ணாம்பு ஒன்று, மணல் இரண்டு, சுர்க்கி ஒன்று என்று இரண்டு கையாகப் பூசினோம். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு. பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கவில்லை. அடித்தால் கதை மறுபடி ஆரம்பம். ஐப்பசி மழையில் அடிச்சுவர் கறுத்தது, தையில் தானாகக் காய்ந்தது. பொரியவில்லை.

மின்விசிறியும் வெக்கையும்

சீலிங் ஃபேன் கொக்கி அறையின் நடுக்கட்டையில் இருந்தது. மச்சுமேல் நிற்பவரின் தலைக்கு நேராக. மச்சு வேலை தொடங்கிய அன்றே அதைக் கழற்ற வேண்டும். கீழே 7 அடிக்கும் சீலிங் ஃபேன் ஆகாது. கீழே ஒன்று, மேலே ஒன்று எனச் சுவர் விசிறி. அவையும் சுவரில் தொங்கவில்லை: ஒன்று இரும்புக் காலில், மற்றது மச்சின் கைப்பிடிக் கம்பியில்.

மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு மேலே 38 டிகிரி, கீழே 34. முற்றத்துப் பக்கச் சுவரில் பத்தரை அடி உயரத்தில் அட்டை வைத்து அடைத்திருந்த பழைய காற்றுப்போக்கியைத் திறந்து கொசுவலை போட்டோம். மச்சுக்கு அதுவே ஜன்னல் ஆயிற்று. மாடித் தட்டோட்டின்மேல் சுண்ணாம்பு அடித்தோம். மேலே 38 டிகிரி 35 ஆனது. பகலில் அங்கே படுக்க முடியாது. இரவு ஒன்பதுக்கு மேல் நன்றாக இருக்கிறது.

செலவு

கூரையும் கட்டையும் 18,500. இரும்பு 355 கிலோ, கிலோ 68 ரூபாய்க்கு 24,140. வெல்டிங் கூலி கிலோவுக்கு 22 ரூபாயாக 7,810. நான்கு போர்டுத் தகடு 8,600. குழி, அடித்தளம், கொத்தனார், சித்தாள் 11,200. அலமாரி, வாசல் தட்டு, ஆசாரி கூலி 62,000. படியும் இழுப்பறையும் 21,000. சுண்ணாம்புப் பூச்சு 14,300. மின்வேலை, விசிறிகள் 9,500. மொத்தம் 1,77,050 ரூபாய். அறுத்து மாற்றிய வெல்டிங்குக்கு ஒரு நாள் கூலியும், கொத்தி எடுத்த சிமெண்ட் பூச்சும் இதில் சேரவில்லை.

அடுத்து இதே தெருவில் இதே அளவு உள்ளுக்கு ஒரு மச்சு கேட்கிறார்கள். அதில் ஆழம் 8 அடி, மூன்று தகடு. பூச்சு முதல் நாளிலிருந்தே சுண்ணாம்பு, அதை ஊறவைப்பது வேலை தொடங்குவதற்குப் பத்து நாள் முன். குறுக்குக் குழாய்க்கு வெல்டர் கையில் படம். மின்குழாய்களை இரும்புக்கு வண்ணம் அடிக்கும் முன் கால்களுக்குள்ளேயே இறக்கிவிடப் போகிறோம். இங்கே கடைசியில் நினைவு வந்து, அலமாரி முதுகில் வெளியே தெரியும்படி ஓட்ட வேண்டியதாயிற்று.